உம்பளச்சேரி: வயலும் தொழுவமும்

வேளாங்கண்ணிக்கு வரும் திருப்பயணிகளுள் பலர் வந்த வழியே திரும்பிவிடுவர். அங்கிருந்து தென்மேற்கே சற்று உள்நோக்கிச் சென்றால், தலைஞாயிறு வட்டாரத்தில் உம்பளச்சேரி என்னும் சிற்றூரை அடையலாம். காவிரி நீர் கடைசியாக எட்டிப்பார்க்கும் கடைமடைப் பகுதி அது. ஒரு மாட்டினத்திற்கே தன் பெயரை அளித்த ஊர் என்பதால், கோடையில் ஒருநாள் நாம் அங்குச் சென்றோம்.

உம்பளச்சேரி மாடு உருவிற் சிறியது. கால்களோ உறுதி மிக்கவை. கன்று செந்நிறமாய்ப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறம் பெறும். எருதுகளின் கொம்பை நீக்கிவிடும் வழக்கம் உண்டாதலின், 'மொட்டை மாடு' என்றும் அழைப்பர். பால் குறைவுதான். ஆழ்ந்த சேற்றில் அயராது ஏரிழுப்பதற்கென்றே உழவர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனம் இது. நெல்வயலே இம்மாட்டை உருவாக்கிற்று எனலாம்.

அம்மாடும் வயலுக்குத் தன் கடனைச் செலுத்தத் தவறவில்லை. சம்பா அறுவடையாகி, உளுந்தும் பயறும் எடுத்தபின் நிலம் வெறுமையாய்க் கிடக்கும். பகலில் மேய்ந்த மந்தையை இரவில் அவ்வயலிலேயே மடக்குவர். இதுவே கிடை போடுதல். நாளுக்கு நாள் கிடை இடம் மாறும். தொழுவத்தில் வீணாகும் சிறுநீரும் சாணத்தோடு மண்ணிற் சேரும். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் அதில் மிகுதி. எருவைச் சுமக்க வண்டியும் வேண்டா, ஆளும் வேண்டா. கிடைக்காரருக்குக் கூலி கிடைக்கும். சொந்த நிலமில்லாத ஏழையின் மந்தையும் பிறர் நிலத்தை வளமாக்கும். நெல் மனிதனுக்கு, வைக்கோல் மாட்டுக்கு, எரு மண்ணுக்கு என்பதே அந்நாளைய கணக்கு.

இக்கணக்கு எங்கே பிழைத்தது? 1960களின் பிற்பகுதியில் பரவிய குட்டை நெல் இரகங்கள் விளைச்சலைப் பெருக்கின. வைக்கோலின் நீளமோ குறைந்தது. உரமூட்டை வந்தது, எரு பின்தங்கியது. டிராக்டர் வந்தது, எருது வேலையிழந்தது. வேலையற்ற காளைக்கன்றை எந்த ஏழைக் குடும்பம் வைத்துக் காப்பாற்றும்? விற்றுவிடுகிறார்கள். ஆள் கிடையாமலும், தண்ணீர் வரும் நாளை எண்ணியும் தவிக்கும் உழவரைக் குறைகூற நமக்கு மனமில்லை.

ஆயினும் எல்லாம் முடிந்துவிடவில்லை. திருத்துறைப்பூண்டியை அடுத்த கொருக்கையில் அரசுப் பண்ணை இவ்வினத்தைப் பேணி வருகிறது. டிராக்டரை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இயந்திரம் உழட்டும், அறுத்த வைக்கோலை வயலில் கொளுத்தாமல் கட்டிச் சேமிக்கலாம். வைக்கோல் மட்டும் மாட்டுக்குப் போதாது. உளுந்துக் கொடியையும், வரப்பில் வளர்த்த அகத்தித் தழையையும் சேர்த்து ஊட்டலாம். கோடையில் சில இரவுகளேனும் கிடைக்கு இடம் தரலாம்.

வயல் வைத்திருக்கும் அன்பர்களே, பிள்ளைகளுக்கு நிலத்தை எழுதிவைக்க எண்ணுகிறோம். அது உயிருள்ள நிலமாக இருக்கவேண்டாமா? தொழுவம் வெறுமையானால் வயலும் மெலியும் என்பதைக் குடும்பமாய் அமர்ந்து சிந்திப்பீர்களாக.