பேக்கப் இருக்கு... ஆனா வருமா?

பொட்டி தட்டுற பொழப்புல "பேக்கப் இருக்கா?"ன்னு எல்லாரும் கேப்பாங்க. "இருக்கு"ன்னு சொல்லுவோம். அதோட பேச்சு முடிஞ்சுரும். "அதுல இருந்து எப்பவாச்சும் திருப்பி எடுத்துப் பாத்திருக்கியா? எவ்ளோ நேரம் ஆச்சு?"ன்னு யாரும் கேக்குறதில்லை. 2018 ஆவணி வரைக்கும் என்னையும் யாரும் கேக்கலை. இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

ஆனையூர் வீட்டு மொட்டை மாடியில காத்து வாங்கிக்கிட்டு இருந்தேன். ராத்திரி பத்தே முக்கால் இருக்கும், போன். டவுனுக்குள்ள கல்யாண ஆல்பம் போடுற ஒரு ஸ்டுடியோ. அங்க ஃபைல் சர்வர் அமைச்சுக் கொடுத்தது நான்தான்.

"தம்பி, கரண்ட் போய் வந்துச்சு. சர்வர் எந்திரிக்க மாட்டேங்குது. ஏதோ கேள்வியாக் கேட்டுச்சாம், நம்ம பய எல்லாத்துக்கும் 'ஒய்' அமுக்கிட்டான்."

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. வண்டியை எடுத்துட்டு செல்லூர் வழியாப் பாலம் தாண்டி ஓடினேன். பயந்தபடியே ஆகியிருந்துச்சு. யூபிஎஸ் பேட்டரி செத்திருக்கு. எழுதிக்கிட்டு இருக்கும்போதே கரண்ட் போனதுல ஃபைல் சிஸ்டம் குழம்பி, அதைச் சரி செய்யுறேன்னு கிளம்பின எஃப்எஸ்சிகே, பாதிப் படங்களை 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டர்ல கொட்டியிருக்கு. மணப்பொண்ணு, மாப்பிள்ளை, ஊர், தேதி எல்லாம் போயி வெறும் எண்ணா நிக்குது. மிச்சத்துல பலது திறக்கவே இல்லை.

"ரெண்டு டிஸ்க் போட்டோமே தம்பி, ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்னு சொன்னீங்களே?"

நியாயமான கேள்விதான். ரெய்டுங்கறது டிஸ்க் செத்தாத்தான் காப்பாத்தும். தப்பா எழுதினா, அந்தத் தப்பையும் ரெண்டு டிஸ்க்குலயும் ஒண்ணு போல எழுதி வைக்கும். அதுக்குத்தான் தனியா ஒரு யூஎஸ்பி டிஸ்க்ல பேக்கப். "பயப்படாதீங்கண்ணே, பேக்கப் இருக்கு"ன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன்.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பாத்தேன். மொத்தம் 2.4 டிபி. அந்தப் பழைய யூஎஸ்பி 2 பெட்டியில செகண்டுக்கு 30 எம்பி வந்தாலே பெரிசு. அப்படின்னா 80,000 செகண்ட், ஏறக்குறைய 22 மணி நேரம். காலைல 9 மணிக்கு எட்டுப் பேர் வேலைக்கு வந்துருவாய்ங்க. அந்த வாரம் கொடுக்க வேண்டிய ஆல்பம் மட்டும் பதினொண்ணு.

அன்னிக்குக் கை கொடுத்த விசயங்களை வரிசையாச் சொல்லிடுறேன். யாருக்காச்சும் உதவும்.

முதல் காரியம், கெட்டுப்போன ரெண்டு டிஸ்க்கையும் கழட்டி ஓரமா வச்சது. அதுக்கு மேல அதுல ஒரு எழுத்து எழுதக் கூடாது. பின்னாடி ஏதாச்சும் தேறணும்னா அதுல இருந்துதான் தேறணும்.

அடுத்து, பேக்கப் டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில இருந்து பிரிச்சு நேரா மதர்போர்டுல சாட்டா கேபிள்ல மாட்டினேன். 30 எம்பி இப்ப 120 ஆச்சு. 22 மணி நேரம் அஞ்சரை மணி நேரமாச்சு. மாட்டும்போதே 'வாசிக்க மட்டும்'னு மாட்டியாச்சு. கையில இருக்குற ஒரே பிரதி அது. அதையும் தூக்கமில்லாத கண்ணோட அழிச்சுட்டா ஊரை விட்டே ஓட வேண்டியதுதான் :-)

மூணாவதுதான் முக்கியம். எல்லாத்தையும் ஏத்தி முடிச்சுட்டுக் கடை திறக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. இடம் பத்தலைன்னு அண்ணன் வாங்கி வச்சிருந்த புது 4 டிபி டிஸ்க் கவர் பிரிக்காம இருந்துச்சு. அந்தப் பதினொரு ஆல்பத்தோட ஃபோல்டர் மட்டும் 180 ஜிபி. அதை முதல்ல ஏத்தினேன், 25 நிமிசம். மிச்ச எல்லாத்தையும் பேக்கப் டிஸ்க்ல இருந்தே 'பாக்கலாம், தொடக் கூடாது'ன்னு நெட்வொர்க்ல திறந்து விட்டுட்டேன். பின்னணியில ஆர்சிங்க் மெதுவா மிச்சத்தை இழுத்துக்கிட்டு இருந்துச்சு. காலைல 9 மணிக்கு வந்த பயலுக எல்லாம் உக்காந்து வேலையை ஆரம்பிச்சுட்டாய்ங்க. முழுசா ஏறி முடிய மத்தியானம் ஆச்சு, ஆனா அது யாருக்கும் தெரியக்கூட இல்லை.

கதை இதோட முடிஞ்சிருந்தா இது பெருமை அடிச்சுக்கிற பதிவு. ஒம்பதரை மணிக்கு ஒரு தங்கச்சி வந்து கேட்டுச்சு, "அண்ணே, நேத்து வரைக்கும் செஞ்ச டிசைனைக் காணோமே?"

பேக்கப் 19 நாள் பழசு.

முன்னாடி ஒருநாள் கரண்ட் போய் வந்தப்போ யூஎஸ்பி பெட்டி ஆன் ஆகவே இல்லை. நான் எழுதின ஸ்கிரிப்ட் 'பேக்கப் ஃபோல்டர் இருக்கா'ன்னு மட்டும்தான் பாத்துச்சு, அதுல டிஸ்க் மாட்டியிருக்கான்னு பாக்கலை. வெறும் ஃபோல்டர் இருந்துச்சு. அதுக்குள்ள 2015 கல்யாணங்கள்ல ஆரம்பிச்சு எழுதி, சர்வரோட சின்ன டிஸ்க் நிறைஞ்சதும் நின்னு போச்சு. தினமும் ராத்திரி அதே கதை. டிஸ்க் நிறைஞ்சதால லாக் எழுதக்கூட இடமில்லை. தப்பு கரண்டோடதும் இல்லை, 'ஒய்' அமுக்குன பயலோடதும் இல்லை. என்னோடது.

அந்த 19 நாள்ல நாலு விசேசம். ஆல்பம் கையில கொடுக்குற வரைக்கும் கேமரா கார்டை அழிக்கக் கூடாதுங்கறது அண்ணனோட பழக்கம். அதனால மூணு கல்யாணம் தப்பிச்சது. நாலாவது ஒரு வளைகாப்பு. அந்தக் கார்டை மட்டும் அவசரத்துக்கு யாரோ திரும்பப் போட்டு எடுத்துட்டாங்க. ஓரமா வச்ச டிஸ்க்குல ரெண்டு நாள் துழாவினேன். சுமார் 300 படத்துல 41 தேறுச்சு. அந்த வீட்டுக்கு அண்ணன் கூட நானும் போனேன். அந்தப் பொண்ணு திட்டவே இல்லை. 41 படத்தையும் ஒவ்வொண்ணாத் தள்ளிப் பாத்துட்டு, "எங்க அம்மாச்சி வளையல் போட்ட படம் இதுல இல்லையாண்ணே?"ன்னு மட்டும் கேட்டுச்சு. இல்லை.

அதுக்கப்புறம் பெரிய இடங்கள்ல என்ன நடந்துச்சுன்னு தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். 2017 ஜனவரி 31-ல கிட்லேப்ல ஒரு இன்ஜினியர் வேற சர்வர்னு நினைச்சு முக்கிய டேட்டாபேஸை அழிச்சுட்டார். 300 ஜிபியில மிஞ்சினது 4.5 ஜிபி. தினசரி பேக்கப் ரொம்ப நாளாவே தோத்துக்கிட்டு இருந்திருக்கு. 'தோத்துப் போச்சு'ன்னு சொல்ற மெயிலையும் மெயில் சர்வர் திருப்பி அனுப்பியிருக்கு, யாருக்கும் தெரியலை. சோதனை பண்ண ஆறு மணி நேரம் முன்னாடி தற்செயலா எடுத்து வச்ச ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. அதையும் மெதுவான டிஸ்க்ல இருந்து இழுக்க வேண்டியிருந்ததால, சைட் திரும்ப வர 18 மணி நேரம்.

2022 நவம்பர் 23-ல டெல்லி எய்ம்ஸை ரான்சம்வேர் தாக்குச்சு. அஞ்சு சர்வர், சுமார் 1.3 டிபி பூட்டப்பட்டதுன்னு அரசாங்கம் மாநிலங்களவையில சொல்லுச்சு. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர்ல இருந்து இ-ஹாஸ்பிடல் தகவல் திரும்ப வந்துருச்சு. ஆனாலும் ரெண்டு வாரம் கிட்ட நோட்டும் பேனாவுமா ஓட்டினாங்க. 1.3 டிபியைச் சாதாரண ஜிகாபிட் கேபிள்ல இழுத்தாலே நாலு மணி நேரத்துல வந்துரும். மிச்ச நாளெல்லாம் நெட்வொர்க்கையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் சுத்தம் பண்றதுலதான் போச்சு. கிருமி இருக்குற வீட்டுல நல்ல சோத்தை இறக்கி வைக்க முடியாதில்லையா? அடுத்த வருசம் இலங்கை அரசாங்கத்தோட கிளவுடுக்கும் இதே தாக்குதல். 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரைக்கும் உள்ள மெயிலுக்குப் பேக்கப் இல்லை. சர்வீஸ் வந்துச்சு, அந்த மூணு மாசத்துக்கு மேலான மெயில் வரவே இல்லை.

ஆக, எவ்ளோ நேரம் கடை மூடியிருக்கும்ங்கறது டிஸ்க் செத்த ராத்திரி முடிவாகுறது இல்லை. அதுக்கு ரொம்ப முன்னாடி, எல்லாம் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போது நாம என்ன செஞ்சோம், செய்யலைங்கறதுல முடிவாகியிருக்கும்.

இப்ப என் ஸ்கிரிப்ட் பேக்கப் டிஸ்க்குக்குள்ள நான் வச்ச ஒரு அடையாள ஃபைலைத் தேடும். அது இல்லைன்னா ஓடாது. தோத்தா மெசேஜ் அனுப்புறதில்லை, ஜெயிச்சா மட்டும் அனுப்பும். காலைல மெசேஜ் வரலைன்னா நான் கிளம்பிருவேன். ரெண்டாவது டிஸ்க் ஒண்ணு அண்ணன் வீட்டு பீரோவுல இருக்கு, வாரம் ஒருதடவை மாத்துறோம். மூணு பிரதி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வெளியிடத்துலங்கற 3-2-1 கணக்கைப் பரப்பினவர் பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராஃபராம். எனக்கு முன்னாடியே ஸ்டுடியோக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு!

அப்புறம் மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை, ஏதாச்சும் ஒரு பழைய கல்யாணத்தைப் பேக்கப்ல இருந்து காலி டிஸ்க்குல இறக்கி, படத்தைத் திறந்து கண்ணால பாத்து, எவ்ளோ நேரம் ஆச்சுன்னு நோட்டுல எழுதுறேன். அந்த நோட்டு சர்வர் மேலயே கிடக்கு. முதல் பக்கத்துல '41'னு மட்டும் எழுதி வச்சிருக்கேன்.

டிஸ்கி: படிச்சு முடிச்சதும் உங்க பேக்கப்ல இருந்து ஒரே ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துப் பாருங்க. வந்துச்சுன்னா நிம்மதியாத் தூங்குங்க. வரலைன்னா, இன்னிக்கே தெரிஞ்சுதேன்னு சந்தோசப்படுங்க.