சிறுவயல் காடும் படமாத்தூர்ப் பையனும்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகச் சிறுவயல் போயிருந்தேன். பந்தி முடிந்து வெளியே நின்றபோது ஒரு பெரியவர் காளையார்கோவில் பக்கம் கையைக் காட்டி, "அந்தக் காலத்தில் இது பூராவும் காடு" என்றார். எனக்கு என் பழைய வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது.

முப்பது வருஷம் வரலாற்றுப் பாடம் நடத்தியவன் நான். மருது பாண்டியர் தோல்வியைக் "காட்டிக் கொடுத்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். ஒரு வருஷம் வகுப்பில் படமாத்தூர்ப் பையன் ஒருவன். கும்பினியார் பட்டம் கட்டிய கௌரி வல்லபர் படமாத்தூர்க்காரர் அல்லவா? மற்ற பையன்கள் "துரோகி ஊர்" என்று கேலி செய்ய, அவன் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் நிதானமாகப் படித்தேன். 1801 ஜூலைக் கடைசியில் கர்னல் அக்னியூ படையோடு வருகிறார். சின்ன மருது தாம் வாழ்ந்த சிறுவயலைத் தாமே கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் போகிறார். சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்கு மரங்களை வெட்டிப் பாதை போட ஆகஸ்ட் பூராவும் கும்பினிப் படை பாடுபட்டது. வெட்ட வெட்ட, மறைந்திருந்து தாக்கினார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு பாதையைக் கைவிட்டுப் படை திரும்பிவிட்டது. தலைமைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை!

சறுக்கல் வேறிடத்தில். செப்டம்பரில் சோழபுரத்தில் கௌரி வல்லபருக்கு ஜமீன் பட்டம் கட்டினார்கள். அவர் அரச வம்சத்து உறவு. மருது சகோதரர்களோடு பழைய பகை. சீமை இரண்டுபட்டது. ஜூன் மாதம் திருச்சியில் ஒட்டிய அறிக்கையில் எல்லாச் சாதியாரையும் ஒன்று சேர அழைத்தவர் சின்ன மருது. வீட்டு வாசலில் கிடந்த பகையை மட்டும் தீர்க்காமல் விட்டுவிட்டார். அது துரோகம் இல்லை, கணக்குத் தப்பியது என்றுதான் எனக்குப் படுகிறது.

காளையார்கோவிலையே நம்பி இருந்ததும் இன்னொரு தப்பு. அக்டோபர் 1-ல் பல திசைகளிலிருந்து படை புகுந்தது, கோட்டை விழுந்தது. 24-ம் தேதி திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். (கோபுரத்தை இடிப்பதாக மிரட்டிய கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். சிறுவயலில் பஸ்ஸுக்கு நின்றபோது அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த பெஞ்சுதான் கண்ணில் நின்றது. கடைசிக்கு முந்தினது, ஜன்னல் ஓரம்.