விருந்தும் மருந்தும்

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்று நம் பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லி வைத்ததை, அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலை சட்டமாகவே அச்சடித்து வைத்திருக்கிறது. நானே படித்தேன். மாணவர் விடுதி அறையில் வெளியார் ஒருவர் தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் தங்கக் கூடாது. தங்கினால் விருந்தாளியை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அழைத்தவன் தலையில்தான் விடியும்.

2019 அக்டோபரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் பிள்ளை என்னைத் தன் விடுதிக்கு அழைத்துப் போய் அந்த மூன்று இரவும் வைத்துக் கொண்டான். நாலாவது வருஷ மாணவன். அந்த ஊர் விடுதியில், நாம் பயந்து நடுங்குகிற மாதிரி மாடிக்கு மாடி ஒரு வார்டன் கிடையாது. மூத்த மாணவன் ஒருவனையே பொறுக்கி, 'ரெசிடென்ட் அசிஸ்டென்ட்' என்று பேர் கொடுத்து, இலவசமாக ஓர் அறையும் கொடுத்து, ஒரு மாடியை அவன் பொறுப்பில் விட்டு விடுகிறார்கள். என் மருமான் அப்படி ஒரு மாடிக்கு அதிபதி. என்னைக் காட்டி, "எங்க மாமா. நாவல் எழுதறவர்" என்று நாலு பேரிடம் சொன்னான். மரியாதைக்குச் சிரித்தார்கள். மறுநாளே அவர்கள் என்னை வேறு காரணத்துக்காகத் தெரிந்து கொள்ளும்படி ஆகிவிட்டது.

மாடியில் ஒரு பொதுச் சமையலறை இருந்தது. பிள்ளை ரொட்டியும் வெண்ணெயுமாகத் தின்று இளைத்திருக்கிறானே என்று ரசம் வைத்தேன். வைத்ததோடு நின்றிருக்கலாம். நெய்யைக் காய விட்டு, கடுகும் இரண்டு மிளகாய் வற்றலும் கிள்ளிப் போட்டேன். கூரையில் பொட்டு மாதிரி ஒட்டிக் கொண்டிருந்த ஒரு கருவி வீரிட்டு அலறிற்று. அதைக் கேட்டு இன்னொன்று. இரவு பத்தரை மணிக் குளிரில் கட்டடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும், பைஜாமாவும் போர்வையுமாக, புல்தரையில் போய் நின்றார்கள். தீயணைக்கும் வண்டியே வந்துவிட்டது. என் மருமான் தலை குனிந்து, "இட் வாஸ் மை அங்க்கிள்" என்று வண்டிக்காரரிடம் வாக்குமூலம் கொடுத்தான். ரசம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி, குற்றவாளிக்குச் சட்டம் தெரிந்திருக்கட்டும் என்றோ என்னவோ, விடுதிக் கையேட்டை என்னிடம் கொடுத்தான். அதில் விருந்து வைப்பது பற்றிய அத்தியாயம் ஒன்று. நான் கதை படிக்கிற மாதிரி அதைப் படித்தேன்.

நாலு பேருக்கு மேல் கூடினால் என்ன, பத்துப் பேர் கூடினால் என்ன, எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. பெரிய விருந்தானால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பொறுப்பேற்கும் இருவர் கையெழுத்திட வேண்டும். அந்த இருவரும் அன்று ஒரு சொட்டுக் கூடத் தொடக் கூடாது. பானம் வைக்கிற இடத்தில் சாப்பாடும் தண்ணீரும் இருந்தே ஆக வேண்டும். பீப்பாயும் அண்டாவும் கூடாது. காரணம் சுலபம்: அண்டாவில் மொண்டு குடிக்கிறவனுக்குத் தான் எவ்வளவு குடித்தோம் என்ற கணக்குப் போய்விடுகிறது. பந்தயம் வைத்துக் குடிப்பதும், குடிக்கச் சொல்லி ஒருவனை வற்புறுத்துவதும் கூடாது. மெழுகுவத்தி கூடாது, பிறந்த நாள் கேக்கின் மேல் நிற்கிற குட்டி மெழுகுவத்தி கூடத்தான். சாதாரண நாளில் இரவு பதினொன்றுக்கு மேல் சத்தம் கூடாது. வெள்ளி சனியில் ஒரு மணி வரை போகலாம். பரீட்சை வாரத்தில் இருபத்துநாலு மணி நேரமும் மௌனம்.

இருபத்தொரு வயது நிரம்பாதவன் குடிக்கவே கூடாது என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் தலையாய விதி. அது சர்வகலாசாலை போட்டது அல்ல, நாட்டுச் சட்டம். 1971-இல் ஓட்டுரிமை வயதைப் பதினெட்டாகக் குறைத்தபோது, பல மாநிலங்கள் குடிக்கிற வயதையும் குறைத்துப் பார்த்தன. வாலிபர்கள் குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் செத்தார்கள். 1984-இல் மத்திய சர்க்கார், வயதை இருபத்தொன்று ஆக்காத மாநிலத்துக்குச் சாலை போடும் பணத்தில் ஒரு பங்கை நிறுத்துவோம் என்றது. 1988-க்குள் எல்லா மாநிலமும் வழிக்கு வந்துவிட்டது. ஆனால் விடுதியில் இருப்பவர்களில் முக்காலே மூணு வீசம் பேர் பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் இருப்பவர்கள். அவர்கள் குடிப்பது நின்று விடவில்லை. கதவு சாத்திக் கொண்டது, அவ்வளவுதான். கதவுக்கு உள்ளே, சீக்கிரம் சீக்கிரம் என்று குடிக்கிறார்கள்.

அதற்கும் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். 2015-இல் டார்ட்மத் கல்லூரி, கடுஞ்சாராய வகைகளையே வளாகத்தில் விலக்கிற்று. மறு வருஷம் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை, இளநிலை மாணவர் விடுதிகளில் 750 மில்லி லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளுகிற சாராயப் பாட்டில்களைத் தடுத்தது. சின்ன பாட்டில் இருக்கலாமா என்று எவனாவது ஒரு வக்கீல் பிள்ளை கேட்டிருப்பான்.

இதையெல்லாம் படித்துச் சிரித்துக் கொண்டேதான் வந்தேன். வற்புறுத்தக் கூடாது என்ற விதிக்கு மட்டும் இரண்டாந்தடவை திரும்பிப் போனேன். நம் ஊர் உபசாரத்துக்கே வற்புறுத்தல்தான் உயிர். இலையை மூடிக் கொண்டு கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் சாதத்தை விடுகிற கை நம்முடையது. கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் கணித மேதை ராமானுஜன், முதல் உலக யுத்த காலத்தில், தம் அறையிலேயே சமைத்து நண்பர் ஒருவரையும் இரண்டு பெண்களையும் விருந்துக்கு அழைத்தார். இரண்டாம் தடவை பரிமாறியதை வாங்கிக் கொண்டவர்கள் மூன்றாம் தடவை வேண்டாம் என்று விட்டார்கள். சற்று நேரத்தில் பார்த்தால் விருந்து வைத்தவரைக் காணோம்! மனம் புண்பட்டு ஆக்ஸ்போர்டுக்கே போய்விட்டார். சில நாள் கழித்து அங்கிருந்து, பணம் அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வருவதில்லை. நானும் ஒரு விடுதியில் விருந்து வைத்தவன்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன். இரண்டாவது வருஷம், 1998-இல், என் முதல் கதை ஒரு வாரப் பத்திரிகையில் வந்து 250 ரூபாய் மணியார்டர் வந்தது. அறைக்கு நாலு பேர் நாங்கள். பக்கத்து அறைகளிலிருந்து இன்னும் ஆறு பேர். புரோட்டாப் பொட்டலம், சால்னா, ஒரு முழு பாட்டில் பிராந்தி. சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே தொங்கிய பலகையில் ஏழாவது விதி, விடுதிக்குள் குடித்தவன் அன்றே வெளியேற்றப்படுவான் என்றது. உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று அந்தப் பலகையில் ஒரு வரியும் இல்லை.

வந்தவர்களில் முதல் வருஷப் பையன் ஒருவன். கிராமத்திலிருந்து வந்தவன்; சங்கோசி. என் கதையை மூன்று தரம் படித்திருந்தான். அதுவரை தொட்டதே இல்லை என்றான். "எனக்காக ஒரு டம்ளர்டா" என்றேன். குடித்தான். "கதைக்காக ஒண்ணு" என்றேன். அதையும் குடித்தான். மூன்றாவதை நான் ஊற்றினேனா, அவனே வாங்கிக் கொண்டானா என்று இன்றைக்கும் சில இரவுகளில் யோசிக்கிறேன். ஊற்றியது நான்தான்.

பதினொரு மணிக்கு அவன் சாய்ந்தான். தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும் என்று மல்லாக்கப் படுக்க வைத்துப் போர்த்தினோம். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் கிடப்பது ரத்தத்தில் ஏறிக் கொண்டே இருக்கும், தூங்கத் தூங்க விஷம் கூடும் என்பதும், மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் அதுவே மூச்சுக் குழலில் இறங்கி அடைத்துவிடும் என்பதும் எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. இரண்டு மணி சுமாருக்கு அவன் மூச்சு ஒரு மாதிரியாக இழுத்தது. எங்களில் ஒருவன், "வார்டனை எழுப்பலாமா?" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. ஏழாவது விதி எல்லோருக்கும் நினைவுக்கு வந்துவிட்டது. நான் எழுந்து கதவுத் தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன்.

நாலு மணிக்கு அடுப்பு மூட்ட எழுந்த சமையல்காரர், கதவிடுக்கில் வெளிச்சத்தைப் பார்த்துத் தட்டினார். உள்ளே வந்தவர் எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. பையனை ஒருக்களித்துப் புரட்டி, வாயில் விரலை விட்டு வழித்தார். "ஆட்டோ கொண்டாங்கடா, பாவிகளா!" என்றார். தூக்கிக் கொண்டு ஓடியதும் அவர்தான். பையன் பிழைத்தான். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

விசாரணையில் யார் கொடுத்தது என்று கேட்டார்கள். அவன் என் பேரைச் சொல்லவில்லை. அதே அறையில் சுவரோரமாக நின்றிருந்த நானும் சொல்லவில்லை. அவனை வெளியேற்றினார்கள். வேட்டி கட்டிய அவன் அப்பா, தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக் கொண்டு, வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, "நல்லாப் படிங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையேட்டில் அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். குடித்து நினைவிழந்தவனுக்காக ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவன் மீதும், அந்த நோயாளி மீதும், குடித்த குற்றத்துக்காக விடுதி ஒழுங்கு நடவடிக்கை கிடையாது என்று அச்சடித்திருந்தது. திரும்பவும் படித்தேன். மருமானைக் கேட்டேன்.

"இது ரொம்ப இடத்துல இருக்கு மாமா. கார்னெல்ல 2002-லயே கொண்டு வந்துட்டாங்க. அப்புறம் கூப்பிடறவங்க அதிகமானாங்களாம். பயந்துக்கிட்டு ரூமுக்குள்ளயே வச்சுக்கிட்டாத்தானே ஆபத்து?"

"பார்ட்டி கொடுத்தவனுக்கும் உண்டா?"

"இங்க உண்டு. ஆனா அவன் கூப்பிடணும். கூடவே இருக்கணும். வர்றவங்ககிட்ட எவ்வளவு குடிச்சான்னு உண்மையைச் சொல்லணும்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன் மாமா?" என்றான்.

"ஒண்ணுமில்லே. கதைக்கு" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அவனுக்குக் காவல் முறை. இரவு ஒன்றரைக்கு டெலிபோன் அடித்தது. சாவிக் கொத்தை எடுத்துக் கொண்டு ஓடினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சத்தமில்லாமல், விளக்கு மட்டும் சுழல, ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. கட்டிலில் வைத்து ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். ஒருக்களித்துத்தான் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு பெண், செருப்பில்லாமல், அவள் கையைப் பிடித்துக் கொண்டே வண்டி வரைக்கும் நடந்தாள்.

அவன் திரும்பி வரும்போது மணி மூன்று.

"சரியாயிடுவா மாமா. சீக்கிரமே கூப்பிட்டுட்டாங்க."

"யார் கூப்பிட்டது?"

"கூட நடந்து போனாளே, அவதான். அவ ரூம்லதான் பார்ட்டி."

நேற்றைய ரசத்தைச் சூடு பண்ணிக் கொடுத்தேன். இந்தத் தடவை தாளிக்கவில்லை. ஒரு கையால் சாப்பிட்டுக் கொண்டே, மற்றக் கையால் அவன் ரிப்போர்ட் தட்டிக் கொண்டிருந்தான். பார்ட்டி கொடுத்தவள் பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டேன்.

"அவளே சொல்லிட்டா மாமா" என்றான்.