களம்போலிச் சந்திப்பில்

மும்பையிலிருந்து பூனாவுக்கோ கோவாவுக்கோ பஸ்ஸில் பிரயாணம் செய்யும் நம்மவர்கள் களம்போலியைக் கடந்தே செல்கிறார்கள். ஆயினும் அங்கே இறங்கிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பார்ப்பதற்குக் கோயிலோ கோட்டையோ அங்கில்லை என்பது உண்மைதான். சயான்-பன்வேல் சாலையும், பூனா விரைவுச் சாலையும், நவசேவாத் துறைமுகத்துக்குப் போகும் சாலையும், மும்பராவிலிருந்து வரும் சாலையும் ஓரிடத்தில் கூடுகின்றன. அதன் பக்கத்தில் இரும்புச் சந்தை. அதை ஒட்டி ரயில்வேயின் சரக்கு நிலையம். எந்நேரமும் இரும்புச் சுருள்களின் ஓசையும் டீசல் புகையும் அங்கே நிறைந்திருக்கும்.

ஆனால் அந்தப் புகைக்கு நடுவே ஒரு சிறிய தமிழ்நாடு இருக்கிறது. சாலையோரம் வரிசையாக நிற்கும் லாரிகளின் நெற்றியில் ‘முருகன் துணை’ என்றும் ‘அம்மன் அருள்’ என்றும் எழுதியிருக்கக் காணலாம். நாமக்கல், சங்ககிரி, சேலம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களிலிருந்து வந்தவை அவை. கிருஷ்ணகிரி, பெங்களூரு, சித்ரதுர்க்கம், ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா, பூனா என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்து, வண்டியின் நிழலில் ஸ்டவ் மூட்டிச் சோறு வடிப்பார்கள். சேலத்து ஜவ்வரிசி மஹாராஷ்டிரத்தாருக்கு விரத நாளின் ஆகாரம்; அதைக் கொண்டு வருபவர்கள் இவர்கள்தாம். திரும்பும்போது இரும்பு ஏற்றிச் செல்வார்கள். அச்சரக்கு நிலையத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, அவர்களுடன் நாலு வார்த்தை தமிழில் பேசுவது தினசரி கிடைக்கும் பெரிய ஆறுதல்.

2025 ஆகஸ்டு மாதத்தில் ஒரு மழைநாள். டீக்கடையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு டிரைவர் என்னிடம் வந்து, “சாருங்க, மராட்டி படிப்பீங்களாம். இது என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று கைபேசியை நீட்டினார். சங்ககிரிக்காரர். முப்பது வருஷமாக இதே தடத்தில் ஓட்டுபவர். கைபேசியில் இரண்டு சலான்கள் இருந்தன. பர்மிட் சம்பந்தமாக முதலாளி அலுவலகத்துக்குப் போனபோதுதான் அவை இருப்பது தெரிந்ததாம். “நீ ஓட்டின வண்டி, நீயே கட்டு” என்று முதலாளி சொல்லிவிட்டார். இரண்டும் சேர்ந்தால் அவருடைய ஒரு நடையின் படி முழுவதும் போய்விடும். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அந்த மாதமே கட்டணம் கட்டியாக வேண்டும்.

இந்த ‘ஆன்லைன் கேஸ்’ எப்படி வருகிறது என்பதை நம் வாசகர்களில் வண்டி வைத்திருப்பவர்களும் அறிந்திருப்பது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபோது, சாலைகளைக் காமிரா மூலம் கண்காணிப்பதற்கு அதில் இடம் செய்யப்பட்டது. அபராதத் தொகைகளும் உயர்ந்தன. கனரக வண்டி வேக வரம்பை மீறினால் 2,000 ரூபாய் முதல் 4,000 ரூபாய் வரை என்று அச்சட்டத் திருத்தம் வகுத்தது. காமிரா நம்பர் பலகையைப் படம் பிடிக்கிறது. இயந்திரம் எழுத்துக்களைப் படிக்கிறது. பதிவேட்டில் உள்ள உரிமையாளரின் கைபேசிக்குச் செய்தி போகிறது. குற்றம் நடந்து 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் வந்த மத்திய விதி கூறியது. ஆனால் பதிவேட்டிலுள்ள எண் பழைய எண்ணாக இருந்தால் செய்தி யாருக்குப் போகும்? முதலாளிக்குப் போனாலும், பெல்காம் சாலையில் சக்கரம் பிடித்திருப்பவருக்கு அதை யார் சொல்வார்கள்?

முதல் சலானைத் திறந்து பார்த்தேன். 2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை விடியற்காலை; பூனா விரைவுச் சாலையின் மலை இறக்கம். லோனாவ்லாவிலிருந்து கோபோலி வரை இறங்கும் அந்தப் போர்காட் மலை எங்களுக்கு அன்னியமானதன்று. 1863-இலேயே அங்கு ரயில் ஓடிற்று. இறக்கத்தில் வண்டி கட்டு மீறினால் திருப்பி நிறுத்துவதற்கென்றே மேட்டில் ஏறும் தனித் தண்டவாளங்களை அமைத்தார்கள். லாரிக்கு அவ்வித வசதி ஏது? அந்த விரைவுச் சாலையில் 2024 ஜூலையில் காமிராக் கண்காணிப்பு தொடங்கியபோது, மலைப்பகுதியில் கனரக வண்டிக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது வரம்பாயிருந்தது. இவர் சென்ற வேகம் 52.

படத்தைக் கண்டதும் பெரியவர் சிரித்தே விட்டார். வண்டியின் முன்புறம் வாடிய மாலை தொங்குகிறது, இருபுறமும் வாழைக்கன்று, கண்ணாடிக்குக் கீழே சந்தனப் பொட்டு. “ஆயுத பூசை போட்டுக்கிட்டு அன்னிக்குச் சாயங்காலமே கிளம்பினதுங்க. இது நம்ம வண்டிதானுங்க. இறக்கத்துல கொஞ்சம் விட்டுட்டேன். தப்பு நம்முதுதான்” என்றார். அவர் மறுத்துப் பேசவில்லை என்பது என் மனத்தில் பதிந்தது.

இரண்டாவது சலான் அப்படியல்ல. அதே வாரம் செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 15, பகல் 1 மணி 25 நிமிஷம். களம்போலியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு நகரத்தில், தடை செய்யப்பட்ட நேரத்தில் நுழைந்ததாகக் குற்றச்சாட்டு. பெரியவர் திகைத்தார். “பத்து மாசத்துக்கு முந்தி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் எங்கே இருந்தேன்னு கேட்டா, நான் என்னங்க சொல்லுவேன்?” என்றார்.

அந்தக் கேள்வி என்னை உலுக்கிற்று. சாலையில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினால், அங்கேயே வாதாடலாம்; பக்கத்தில் இருப்பவரைச் சாட்சி கேட்கலாம்; வெறுங்கையோடு மன்றாடவாவது செய்யலாம். பத்து மாதம் கழித்து வரும் காகிதத்தின் முன் மனிதனுடைய ஞாபகமே அவனுக்குத் துணை; ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு அந்த ஞாபகமும் துணை நிற்பதில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மாலையும் இல்லை, வாழைக்கன்றும் இல்லை. தார்ப்பாயின் நிறம் வேறு. நம்பர் பலகையில் சேறு படிந்திருந்தது. இயந்திரம் 3 என்று படித்த எண் 8 ஆகவும் இருக்கலாம். திங்கட்கிழமை வாஷி சந்தையில் ஜவ்வரிசி இறக்கியவர், மறுநாள் எங்கே போயிருப்பார்? திரும்பும் லோடுக்கு எங்கள் நிலையத்துக்கே வந்திருக்கலாம் அல்லவா?

மறுநாள் மேலதிகாரியிடம் விஷயத்தைக் கூறி அனுமதி பெற்று, பழைய வாயிற் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். அக்டோபர் 15-ஆம் தேதிப் பக்கத்தில், என் கையெழுத்திலேயே அந்த லாரியின் எண் இருந்தது! உள்ளே வந்தது காலை 11-10. இரும்புச் சுருளுடன் வெளியே சென்றது மாலை 4-40. வருஷக்கணக்காக நான் அலுப்போடு எழுதிவரும் அந்த வரிகளில் ஒன்று ஒரு மனிதருக்கு இத்தனை பெறும் என்று அதுவரை நான் நினைத்ததேயில்லை.

பதிவேட்டின் நகலையும், சுங்கச் சாவடிகளைக் கடந்த நேரங்களைக் காட்டும் ஃபாஸ்டேக் கணக்கையும், மாலையிட்ட படத்தையும் சேர்த்து இணையதளத்தின் வழியாக ஆட்சேபணை அனுப்பினோம். நாற்பது நாட்களுக்குப் பின் அந்தச் சலான் ரத்தாயிற்று. முதல் சலானுக்குரிய அபராதத்தைப் பெரியவர் கட்டிவிட்டார்.

நியாயமாகப் பேசுவதானால் காமிராவின் பக்கத்திலும் சொல்ல வேண்டியது உண்டு. அதைப் பெரியவரே சொன்னார்: “காமிரா கை நீட்டாதுங்க. நம்ம முகத்தைப் பார்த்து, நம்பரைப் பார்த்து, வெளியூர் வண்டின்னு பிடிக்காதுங்க. காமிரா வந்தப்புறம் மலையில பசங்க அடங்கித்தான் ஓட்டறாங்க.” அதே சமயத்தில், 2025 ஜூலை மாதத் தொடக்கத்தில் மஹாராஷ்டிர லாரிக்காரர்கள் இந்தச் சலான்களை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்ததற்கும் காரணம் இருந்தது. சரக்கு இறக்க நகரத்தில் இடம் இல்லை. நிறுத்தினால் அபராதம் என்பது அவர்கள் முறையீடு. சட்டம் வேண்டும், அதோடு, சட்டத்துக்கு உட்பட்டவன் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வாயிலும் வேண்டும். அந்த வாயில் அவனுக்குத் தெரிந்த மொழியில் இருத்தல் அதைவிட அவசியம்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் கார், டாக்ஸி, டெம்போ வைத்திருப்போர் பலர். அவர்களுக்குச் சில வார்த்தைகள். வண்டியின் பதிவேட்டில் உங்கள் இப்போதைய கைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு முறை அரசாங்கத்தின் பரிவாஹன் தளத்திலும், மஹாராஷ்டிரப் போக்குவரத்துப் போலீஸாரின் தளத்திலும் வண்டி எண்ணைக் கொடுத்துச் சலான் உண்டா என்று பாருங்கள். இருந்தால் முதலில் படத்தைப் பாருங்கள். பணத்தைப் பிறகு கட்டலாம். வாட்ஸப்பில் சலான் என்ற பெயரில் வரும் கோப்பைத் திறந்து பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அதைத் தொடவே தொடாதீர்கள். குற்றம் உண்மையானால் கட்டிவிடுங்கள். நிலுவையில் நிற்பவற்றை லோக் அதாலத்தில் தீர்த்துக்கொள்ளவும் வழி உண்டு.

சென்ற மாதம் பெரியவர் மீண்டும் வந்தார். ஒரு பை ஜவ்வரிசியை மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்துக் காட்டினார். தேதி, ஊர், சேர்ந்த நேரம், கிளம்பிய நேரம் எல்லாம் தமிழில், கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. “நானும் உங்களாட்டம் ரெஜிஸ்டர் போட ஆரம்பிச்சுட்டனுங்க” என்றார்.

அடுத்த முறை நீங்கள் களம்போலி வழியாகப் போகும்போது, ஒரு கோப்பை டீக்காக அங்கே இறங்கிப் பாருங்கள். உங்களால் மராத்தி படிக்க முடியுமானால், அங்கே உங்களுக்கு நிச்சயம் வேலை இருக்கும்.