கம்பியில்லா அலையும் காங்கிரீட்டுச் சுவரும்



நம் தோட்டத்து லயங்களில் இணையம் எட்டாத வீடுகள் இன்று குறைவு. கடல்பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளின் முகத்தை அந்தி நேரத்தில் கைப்பேசியில் கண்டு மகிழும் முதியோர் நம்மிடையே பலர். அம்முகம் திடீரென்று அசைவற்று நிற்கும். குரல் பாதியில் அறுந்துபோகும். உடனே நிறுவனத்தாரை ஏசுவோரும் உண்டு. அதிகப் பணம் கட்டி வேகமான திட்டத்துக்கு மாறுவோரும் உண்டு. இவ்விரண்டுக்கும் முன்னர்ச் செய்ய வேண்டிய ஆராய்ச்சி ஒன்றிருக்கிறது. பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் சென்றிருந்தபோது இரண்டு வீடுகளில் அதனைச் செய்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

முதல் வீடு புங்கோலில் உள்ளது. நம் தமக்கையின் மகளுடையது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகன், தோட்டத்திலிருக்கும் தன் பாட்டிக்கு இரவுதோறும் தமிழ்ப் பாடநூலில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவான். புதிய ரவுட்டர் வந்த நாளிலிருந்து வாசிப்பு நான்கு வரிக்குமேல் நீடிக்கவில்லை. பாட்டியோ, “பையனுக்கு என்னோடு பேசப் பிரியமில்லை போலும்” என்று மனம் வாடிவிட்டார். ஒரு சிறு பெட்டியின் கோளாறு உறவின் கோளாறாகத் தோன்றிவிட்டது.

குறை எங்கே என்று அறிய, வழியை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே முறை. வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் ஒளியிழை ஒரு பகுதி. ரவுட்டரிலிருந்து கைப்பேசிக்குச் செல்லும் அலை மறுபகுதி. பையனை ரவுட்டருக்கு அருகிலேயே நிறுத்திப் பேசச் சொன்னோம். பாட்டியின் குரல் தடையின்றிக் கேட்டது. ஆகவே ஒளியிழையிலோ தோட்டத்து இணைப்பிலோ பழுதில்லை. அவன் படுக்கையறைக்குச் சென்று கதவைச் சாத்தியதும் படம் உறைந்தது. குறை வீட்டுக்குள்தான் என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிற்று.

அந்த ரவுட்டர் எங்கே வைக்கப்பட்டிருந்தது தெரியுமா? வீட்டுப் புகலிட அறைக்குள்! மக்கள் ‘பாம் ஷெல்டர்’ என்பார்கள். 1998 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, சிங்கப்பூரில் கட்டப்படும் புதிய அடுக்குமாடி வீடுகளில் இத்தகைய புகலிடம் அமைக்கப்படுகிறது. இரும்புக் கம்பிகள் நெருக்கமாகப் பின்னிய தடித்த காங்கிரீட்டுச் சுவர். கனத்த எஃகுக் கதவு. குண்டுவீச்சிலிருந்து காப்பதற்கென்றே கட்டிய அறை அது. அமைதிக் காலத்தில் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் அதில் குடியிருக்கும். ஒளியிழை வந்து முடியும் இடமும் அதனுள்ளேயே இருந்தமையால், பார்வைக்கு அழகாயிருக்கட்டுமென்று ரவுட்டரையும் அங்கேயே வைத்துக் கதவையும் சாத்திவிட்டார்கள். குண்டைத் தடுக்கும் சுவர் அலையை மட்டும் விட்டுவிடுமா?

1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலப்படாத அலையைச் சுவர் கடந்து செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். மேல்வகுப்பு மாணவர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. சாதாரணச் சுவரை அலை கடக்கும், கடக்குந்தோறும் மெலியும். உலோகமோ அதனைத் திருப்பியடித்துவிடும். வீட்டு ரவுட்டர் பெரும்பாலும் இருவகை அலைகளைப் பரப்புகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். அது சுவர்களைக் கடந்து சற்றுத் தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதி நீளமே. வேகமாகச் செய்தி சுமக்கும், ஆனால் சுவரைக் கண்டால் விரைவில் சோர்ந்துவிடும்.

புகலிடச் சுவரை இடிக்கச் சட்டம் இடந்தராது, இடிக்கவும் தேவையில்லை. கதவிடுக்கு வழியே தட்டையான இணைப்புக் கம்பி ஒன்றை வெளியே கொணர்ந்து, ரவுட்டரைக் கூடத்தில் தோளுயர அலமாரியின்மேல் வைத்தோம். செலவு கம்பியின் விலை மட்டுமே. அன்றிரவு பையன் இரண்டு பக்கம் வாசித்தான். பாட்டி மூன்றாம் பக்கத்தையும் கேட்டார்.

இரண்டாவது வீடு சிராங்கூன் சாலையை அடுத்து, தேக்கா சந்தைக்கு அருகில் உள்ளது. நம்முடன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நண்பர் அங்கே வசிக்கிறார். புகலிடச் சட்டம் வருமுன்னரே எழுந்த கட்டடம். எஃகுக் கதவு கிடையாது. ரவுட்டரும் கூடத்தின் நடுவிலேயே இருந்தது. ஆயினும் மாலை ஏழு மணிக்குமேல் இணையம் தள்ளாடியது. கைப்பேசியைத் திறந்து பார்த்தால், அண்டை வீட்டு இணைப்புகளின் பெயர்கள் இருபதுக்கும் மேல் வரிசையாக நின்றன! தீபாவளிச் சந்தையில் எல்லாக் கடைக்காரரும் ஒரே நேரத்தில் கூவினால் யார் குரல் யாருக்குக் கேட்கும்? 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அங்கே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதுமே நிலைமை சீரடைந்தது. ஓரிடத்தில் குறையாயிருந்த குணம் மற்றோரிடத்தில் நன்மையாயிற்று. அண்டை வீட்டாரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலையும் சுவர்களில் சோர்ந்து, நண்பர் வீட்டை வந்து தொல்லைப்படுத்துவதில்லை.

நம் தோட்டத்திற்கு வருவோம். இங்கே புகலிட அறையில்லை. பலகைச் சுவரும் துத்தநாகக் கூரையுமே. பலகை அலைக்குப் பெரிய தடையன்று. ஆனால் இரும்பு அலமாரிக்குள்ளும், தொலைக்காட்சிக்குப் பின்னாலும், குளிர்பதனப் பெட்டியின்மேலும் ரவுட்டரை வைத்திருக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறோம். மீன்தொட்டியை ஒட்டியும் வேண்டா; நீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குவதால் அதனருகிலும் கூடாது.

ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பெற்றோரின் அனுமதியுடன், வைஃபை வழியாகப் பாட்டு ஒலிக்கும் கைப்பேசியை வானொலி நேரலையில் விட்டு, காலியான பிஸ்கட் தகர டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். கைப்பேசியின் சிம் தரவை முதலில் நிறுத்திவிட வேண்டும். ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு முறை, அடுப்படியில் ஒரு முறை, வாசலில் ஒரு முறை. பாட்டு எங்கே, எத்தனை விநாடியில் நிற்கிறதென்று குறிப்பேட்டில் எழுதி, பள்ளி திறக்கும் முதல் வாரம் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.