துடும்புக்கு ஒரு கூடம்

தாசா மேளத்தை இறுக்க ஒரு ஸ்பானர் போதும். எந்த போல்ட்டை முதலில் முறுக்குவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. ஒன்றை முறுக்கினால் அடுத்து அதற்கு நேரெதிரே இருப்பதை முறுக்க வேண்டும், அதுவும் கால் சுற்று கால் சுற்றாக. வரிசையாக முறுக்கிக்கொண்டே போனால் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அடிக்கும்போது கரகரக்கும். கோவை உக்கடத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில், பைக்குகளுக்கு நடுவே சம்மணமிட்டு அமர்ந்து இதைச் செய்துகொண்டிருந்தவர் பகலில் தூய்மைப் பணியாளர். விடியும் முன் வேலைக்குப் போய் மதியம் திரும்பியிருந்தார். இரவு பக்கத்து ஊரில் மாரியம்மன் சாட்டு விழா.

"மழைக்காத்து அடிச்சா பறை படுத்துக்குமுங்க. இது பிளாஸ்டிக்கு, படுக்காது. ஆனா அந்தத் தொண்டை இதுக்கு வராதுங்க" என்றார். அவருடைய பறை சுவரில் தொங்கியது. வேப்பமரச் சட்டம், அதில் ஒட்டிய கன்றுத்தோல். வெளியே எடுத்ததும் வைக்கோலோ காகிதமோ கொளுத்திக் காய்ச்சினால்தான் அது வாய் திறக்கும். காய்ச்சிய சூடு ஆற ஆறச் சுருதி இறங்கும். மேடையில் கிட்டாரோடு சேரும்போது இது ஒரு பெரிய சிக்கலாகிறது.

சினிமாவை எதிர்பார்க்காமல், தன் பாட்டைத் தானே எழுதித் தானே பாடும் தமிழ் ராக் இசைக்குழுக்களைப் பற்றி எழுத விரும்பி அலைந்துகொண்டிருந்தேன். அதற்குச் சென்னைக்குப் போவதுதான் வழக்கம். கோவையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர்தான் என்னைத் திருப்பிவிட்டார். கிட்டார் வாசிப்பவர்கள் நகரத்தின் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள், மேடையைத் தூக்கி நிறுத்தும் ஆட்கள் உக்கடத்தில்தான் இருக்கிறார்கள் என்றார் அவர். பழகிப் பார்த்தபின் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

துடும்பு செட் என்றும் ஜமாப் என்றும் சொல்லப்படும் இந்த மேளக்கூட்டம் கொங்குப் பகுதிக்கே உரியது. கோயில் நோம்பி, கல்யாணம், சாவு, கட்சி ஊர்வலம் என்று எதற்கும் வரும். மாசியில் கோனியம்மன் தேர் ராஜ வீதிப் பக்கம் திரும்பும்போது, இந்த ஓசை கேட்பவரின் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே அடிக்கும். பெரிய மேளம் அடித்தளம் போடும். துடும்பு அதன்மேல் நடக்கும். தாசா இடைவிடாமல் பொரிந்துகொண்டே ஓடும். ராக் இசைக்குழுவில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து செய்யும் வேலை முழுவதும் இங்கே உண்டு. யார் தொடங்குவது, யார் விட்டுக்கொடுப்பது, எங்கே எல்லோரும் ஒரே அடியில் நிறுத்துவது என்ற ஒழுங்கும் உண்டு. வாசிப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் கொங்குத் தமிழ். பரம்பரையாகத் துப்புரவு வேலையிலும் தோல் வேலையிலும் தள்ளப்பட்ட மக்கள் இவர்கள். இந்த இசையைப் பேணி இன்றுவரை கொண்டுவந்து சேர்த்ததும் இவர்கள்தான்.

அந்தக் குடியிருப்பில் மூன்று பையன்கள் ஒரு பேண்டு தொடங்கியிருக்கிறார்கள். பெயர் இன்னும் முடிவாகவில்லை. ஒருவன் கல்லூரி மாணவன், பழைய கிட்டார் ஒன்றை வாங்கி யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். இன்னொருவன் மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்குகிறவன். அவன் குரலில் அந்த இரைச்சலைத் தாண்டிக் கூப்பிட்டுப் பழகிய கனம் இருக்கிறது. மூன்றாமவன் தாசாக்காரரின் மகன். அப்பாவிடம் கற்றதை அப்பாவுக்குப் பிடிக்காத வேகத்தில் வாசிப்பான்.

எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். கிட்டார் பையன் உடனே பதில் சொன்னான்: "காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பார்த்துத்தானுங்கண்ணா. கட்டை மோளத்தையும் கிட்டாரையும் ஒரே மேடையில அப்பதான் பார்த்தோம்."

தமிழில் ஓர் இசைக்குழு எப்படி உருவாகி எழுந்தது என்று கேட்டால் நானும் அந்தக் கதையைத்தான் சொல்வேன். 2017இன் இறுதியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் கைகோத்தன. வடசென்னையின் கானா பாடகர்கள், சாவு ஊர்வலங்களில் சட்டியும் கட்டை மோளமும் வாசித்தவர்கள், ராப் பாடுகிறவர்கள், ராக் பின்னணி கொண்ட கிட்டார், டிரம்ஸ் கலைஞர்கள் என 19 பேர் ஒரு குழுவானார்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. அனுமதி இலவசம், கூட்டம் ஆயிரக்கணக்கில். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து குழுவுக்குப் பெயர் வந்தது. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, சாதி ஆணவக்கொலை, மலக்குழி மரணம் என்று தமிழ் மேடைப்பாட்டு தொடத் தயங்கியவற்றை அவர்கள் நேராகப் பாடினார்கள். அந்தக் குழுவின் இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அறிவு 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' மூலம் உலகமெங்கும் கேட்கப்பட்டார். நீலம் 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' அடுத்த ஆண்டே மதுரைக்கும் கோவைக்கும் வந்தது.

கருத்தால் மட்டுமே அந்தக் குழு வென்றது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கருத்து சரியாக இருந்து ஓசை சரியில்லாத எத்தனையோ குழுக்கள் ஒரே மேடையோடு கலைந்திருக்கின்றன. அங்கே சட்டி வாசித்தவரும் டிரம்ஸ் வாசித்தவரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டுக்கொடுக்கும்வரை உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். மேளத்தைப் பாட்டுக்கு அலங்காரமாக்காமல், பாட்டின் எலும்பாகவே வைத்தார்கள். நாட்டுப்புற இசையை ராக்கோடு சேர்க்கிறோம் என்று அறிவித்துவிட்டு, தொடக்கத்தில் நாலு அடி பறை அடித்து மிச்ச நேரம் அதை மறந்துவிடும் பாடல்களை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம்.

உக்கடம் பையன்களுக்கும் இதே பாடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் சுருதி. கிட்டாரை மின்கருவி வைத்துச் சரிசெய்துவிடலாம். பறை அதற்கு அடங்காது. காய்ச்சியதும் ஒரு சுருதி, அரைமணி கழிந்தால் வேறு. பேஸ் கம்பியின் ஓசை பெரிய மேளத்தின் ஓசையோடு உரசினால் இரண்டும் சேர்ந்து வெறும் இரைச்சலாகிவிடும். கிட்டார் பையன் கம்பிகள்மேல் பூட்டும் கேப்போவை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, பாட்டையே அரைக்கட்டை ஏற்றிக்கொண்டான். மேளத்துக்கு ஏற்பத் தான் நகர்வதே சுலபம் என்று கண்டுபிடித்ததில் அவனுக்குப் பெருமை. எனக்கும் அது பெரிய விஷயமாகவே பட்டது.

அடுத்தது ஒலிபெருக்கி. தாசாவுக்கு முன்னால் மைக்கை நெருக்கி வைத்தால் பாடுகிறவன் காணாமல் போவான். மைக் இல்லாமலே அது தெருவை நிரப்பும் கருவி. சவுண்டு சர்வீஸ் நண்பர் வந்து பார்த்துவிட்டு, தாசாவைப் பாடகனிடமிருந்து தள்ளி நிறுத்தச் சொன்னார். பெரிய மேளத்துக்கு மட்டும் கீழ்ப்பக்கம் ஒரு மைக் வைத்தார். குரல் வெளியே வந்தது.

கஷ்டமானது மூன்றாவதுதான். பையன்கள் நாலு நாலாக எண்ணிப் பழகியவர்கள். தாசாக்காரர் எடுத்த நடையில் எங்கே ஒன்று விழுகிறது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. திரும்பத் திரும்ப ஓரடி முந்தினார்கள், அல்லது பிந்தினார்கள். அவர் கோபப்படவில்லை. "எண்ணாதீங்கடா, காலைப் பாருங்க" என்று எழுந்து மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசித்தபடியே ஆடினார். துடும்பு நின்று வாசிக்கும் கருவி இல்லை. வாசிப்பவன் முன்னும் பின்னுமாக அடியெடுத்து வைப்பான், கணக்கு காலில் இருக்கும். கிட்டார் பையன் நாற்காலியை ஒதுக்கிவிட்டு எழுந்து, அவர் காலோடு காலாக நடந்துகொண்டே வாசித்தான். கொஞ்ச நேரத்தில் பிடி கிடைத்துவிட்டது. மேசைமேல் தாளம் போட்டுக் கற்ற இசைக்குழு எதுவும் அந்த இடத்தை எட்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அவர்களுடைய முதல் பாட்டு, இருள் பிரியும் முன் வருகைப் பதிவுக்கு வரிசையில் நிற்கும் ஓர் அம்மாவைப் பற்றியது. மீன் மார்க்கெட் பையன் எழுதியது. அதில் நடுவில் இரண்டு வரி தெலுங்கில் வருகிறது. மேடையில் அதை வைக்கலாமா என்று கேட்டார்கள். வைத்தே ஆக வேண்டும் என்றேன். உக்கடத்தில் பாலக்காடு பஸ் ஏறினால் சுருக்கவே கேரள எல்லையைத் தாண்டிவிடலாம். அந்தப் பக்கம், 2003இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'அவியல்' என்ற குழு, ராக் பாட வேண்டுமானால் ஆங்கிலத்தில் பாட வேண்டும் என்ற வழக்கத்தை உடைத்து மலையாளத்திலேயே பாடி, 2008இல் தங்கள் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. வீட்டு மொழியில் பாடியதால் அவர்கள் சுருங்கவில்லை.

பணம் இல்லையே என்று பையன்கள் கவலைப்பட்டார்கள். அமெரிக்காவில் அபர்டீன் என்ற மரம் அறுக்கும் ஊரிலிருந்து வந்த நிர்வாணா என்ற ராக் குழு, 1989இல் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய ஆன செலவு 600 டாலர் என்று அதன் அட்டையிலேயே அச்சிட்டது. இரண்டே ஆண்டில் அவர்களுடைய அடுத்த ஆல்பம் உலகை உலுக்கியது. பதிவுக்குக் கொஞ்சம் பணம் போதும். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் சத்தம் போட்டுப் பழக ஓர் இடம் வேண்டும். உக்கடத்தில் இல்லாதது அதுதான்.

"காலனியில தெரு இருந்துச்சுங்க. ராத்திரி எட்டு மணிக்கு எடுத்தம்னா பத்து வரைக்கும் அடிப்போம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் தாசாக்காரர். அவர் சொன்னது சி.எம்.சி. காலனியை. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட உக்கடம் மேம்பாலத்துக்காக, தலைமுறைகளாகத் தூய்மைப் பணியாளர்கள் வாழ்ந்த அந்தக் காலனி இடிக்கப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு மாறின. வீடு கிடைத்தது, முற்றம் போயிற்று. மூன்றாவது மாடியில் தாசாவை எடுத்தால் மேல்வீட்டில் கைக்குழந்தை, கீழ்வீட்டில் இரவு வேலை முடித்து வந்து தூங்குகிறவர். அவர்கள் சண்டைக்கு வருவதில் தப்பே இல்லை. பெரியகுளக் கரையை அழகாக்கி நடைபாதை போட்டிருக்கிறார்கள். அங்கே மேளம் எடுத்தால் காவலாளி வந்துவிடுகிறார். அதனால் துணியைச் சுருட்டி மேளத்துக்குள் அடைத்து, ஓசையைக் கொன்று ஒத்திகை பார்க்கிறார்கள்.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிப்பாடத்திலிருந்தே படிக்கிறோம். 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை வந்ததிலிருந்து அந்தப் பெயருக்கு நியாயம் உண்டு. அசல் மான்செஸ்டரில் பஞ்சாலைகள் மூடிய பிறகு என்ன நடந்தது என்பதையும் நாம் படிக்க வேண்டும். காலியான ஆலைகளும் கிடங்குகளும் சொற்ப வாடகைக்குக் கிடைத்தன. 1976 ஜூன் 4 அன்று அந்நகரின் ஒரு சின்ன அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற ராக் குழு வாசித்ததை மிகச் சிலரே கேட்டார்கள். கேட்டவர்களில் இருவர் சேர்ந்து தொடங்கிய குழு ஜாய் டிவிஷன் ஆயிற்று. லிட்டில் பீட்டர் தெருவில் பழைய கிடங்கு ஒன்றில்தான் அவர்கள் ஒத்திகை பார்த்தார்கள். 1978இல் எழுந்து அவர்கள் இசையை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரே ஃபேக்டரி. அந்த ஊர் இழந்த தொழிலின் கட்டடங்களில்தான் அதன் அடுத்த தலைமுறை இசை வளர்ந்தது.

இங்கேயும் கட்டடங்கள் இருக்கின்றன. கோவையில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 ஊரடங்கில் நின்றன. ஆலைத் தொழிலாளர்கள் வேலைக்காகப் போராடுகிறார்கள். அந்த நியாயம் முதலில் தீர வேண்டும், அதை மறைத்து இசை பேசுவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் மாநகராட்சியிடம் சமுதாயக் கூடங்கள் உண்டு, மேம்பாலத்துக்கு அடியில் இடம் உண்டு, மாலையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிக் கட்டடங்கள் உண்டு. சுவரில் பஞ்சுப்பலகை அடித்து, கதவுக்குத் தடித்த ரப்பர் வைத்து, நான்கு மின் இணைப்புப் புள்ளிகள் கொடுத்தால் ஓர் ஒத்திகைக் கூடம் தயார். கோவையில் நிமிர்வு கலையகம் போன்ற குழுக்கள் பறையையும் துடும்பையும் பெண்களுக்கும் மாணவர்களுக்கும் கற்பிக்கின்றன. கற்றவர்கள் பயன்படுத்தவும் அந்தக் கூடம் திறந்திருக்கலாம்.

கோவை மாநகராட்சிக்கு என் கோரிக்கை இது: உக்கடத்தில் ஒரு கூடத்தை மாலை ஆறு முதல் பத்து வரை இசைக்கென்று ஒதுக்குங்கள். சாவியை அந்தக் குடியிருப்பில் இருப்பவர்களிடமே கொடுங்கள். இந்நகரின் கல்லூரி விழாக்குழுவினருக்கு: வெளியூர் பேண்டுக்குக் கொடுக்கும் தொகையில் பாதியாவது உள்ளூர் துடும்புக் கலைஞர்களுக்குக் கொடுங்கள், அதுவும் மேடையில் வாசிக்கக் கூப்பிட்டு, வாசலில் விருந்தினரை வரவேற்க மட்டும் அல்ல. உங்கள் ஊர் நோம்பிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, நன்கொடையாளர் பட்டியலுக்கு மேலே வாசிக்க வருகிறவர்களின் பெயரைப் போடுங்கள். நான் பார்த்த நோட்டீஸ்களில் 'மேளதாளத்துடன்' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. ஒவ்வொரு செட்டிலும் பெயர் உள்ள மனிதர்கள் வாசிக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்.