போனில் கிடந்த ஊரை ஸ்க்ரீனில் எடுத்தோம்!

உங்கள் போன் கேலரியில் எத்தனை போட்டோக்கள் இருக்கின்றன என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? என் மகளுடைய போனில் 11,000-க்கு மேல் இருந்தன. கோயில், கல்யாணம், தோசை, மழை, பஸ் ஜன்னல், யார் வீட்டுப் பூனையோ... எடுத்த அன்று நாலு பேருக்கு அனுப்புவதோடு சரி. மறுபடி அதைத் தேடிப் போகிறவர்கள் எத்தனை பேர்?

அந்தக் குவியலிலிருந்து 12 படங்களை மட்டும் பொறுக்கி, எங்கள் தர்மபுரியைக் காகிதத்தில் கையாலேயே அச்சடித்தோம். நான், என் வீட்டுக்காரர், மகள் மூன்று பேரும் சேர்ந்து. முடிக்க ஒரு வருஷம் ஆனது. நாங்கள் யாரும் ஓவியக் கல்லூரிப் பக்கம் போனவர்கள் இல்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்க்ரீன் பிரிண்டிங்தான்.

1998-ல் ஆரம்பித்த கடை எங்களுடையது. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பில் புக், திருவிழா நோட்டீஸ், துணிப்பை என்று எல்லாம் அடிப்போம். தை பிறந்துவிட்டால் ராத்திரி 1 மணி வரை லைட் எரியும். அவர் ஸ்க்வீஜியை இழுப்பார்; நான் ஒவ்வொரு கார்டாக எடுத்துக் காயவைப்பேன். தொட்டிலில் மகள் தூங்குவாள். இங்க் வாசனைதான் எங்கள் வீட்டு வாசனை.

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. சிவகாசியிலிருந்து மல்டி கலர் பத்திரிகைகள் மலிவாக வந்தன. 2020-ல் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று கட்டுப்பாடு வந்ததும், பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் ஊரில் வேரூன்றிவிட்டது. இப்போது பெரியவர்களுக்குத் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்க 100 அடித்தால் அதிகம். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்ததும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்ததும்தான் எங்களைக் கொஞ்சம் பிழைக்க வைத்தன. பை ஆர்டர் இல்லாத மாதங்களில் அவர் கடையில் சும்மா உட்கார்ந்திருப்பார். பரணில் 60 மரச்சட்டங்கள் அடுக்கிக் கிடந்தன. "பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாமா?" என்று ஒரு நாள் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

"இதைத்தானே நீங்க தினமும் பண்றீங்க?"

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு கண்காட்சியில், அந்த ஊரின் தெருக்களை போட்டோ எடுத்து ஸ்க்ரீனில் அச்சடித்த படங்களைப் பார்த்திருக்கிறாள். ஒரு படம் 6,000 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி: "அப்பா, இதைத்தானே நீங்க தினமும் பண்றீங்க?"

கேட்டது நியாயம்தான். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் பாதி வேலை போட்டோ வேலைதான். சட்டத்தில் மெஷ் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் எமல்ஷன் பூசி, இருட்டில் காயவைப்போம். அச்சாக வேண்டிய உருவத்தைக் கறுப்பாக ஒரு ட்ரேசிங் ஷீட்டில் எடுப்போம். அதற்கு 'பாசிட்டிவ்' என்று பெயர். அதை மெஷ்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெளிச்சத்தில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடத்தில் எமல்ஷன் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து போகும். அந்த வழியாக இங்க் கீழே இறங்கும். கேமராவுக்குள் ஃபிலிம் செய்த வேலையை எங்கள் கடையில் மெஷ் துணி செய்கிறது.

மகள் இதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னாள். டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் வெளிச்சம் பட்டால் இறுகும் என்பதை அச்சுக்குப் பயன்படுத்தி 1852-ல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் டால்போட். போட்டோகிராபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். 1907-ல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன், பட்டுத்துணி வழியாக அச்சடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதனால்தான் இதற்கு 'சில்க் ஸ்க்ரீன்' என்று பெயர். இப்போது நைலான், பாலியஸ்டர் மெஷ் வந்துவிட்டாலும் பெயர் மாறவில்லை. பட்டுக்கூடு அங்காடி இருக்கிற ஊரில் இத்தனை வருஷம் இந்தத் தொழில் செய்திருக்கிறோம், இது தெரியாமலே!

1962-ல் அமெரிக்காவில் ஆண்டி வார்ஹாலும் ராபர்ட் ராஷன்பெர்க்கும் இதே கடைத்தெரு முறையை ஓவியத்துக்குக் கொண்டுபோனார்கள். வார்ஹால் சினிமா நடிகை மர்லின் மன்றோவின் போட்டோவை அச்சடித்தார். ராஷன்பெர்க் நியூயார்க்கின் போக்குவரத்துப் பலகைகளையும் கட்டடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தார்.

நம் சென்னையிலும் இந்த உறவு பழையது. 1850-ல் மெட்ராஸில் கலைப்பள்ளி தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர். அங்கே போட்டோகிராபிக் சொசைட்டி உருவாகவும் அவரே முன்நின்றார். அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம்.பழனியப்பன் போன்றவர்கள் அச்சோவியத்தையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு பெயர் வாங்கியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவர், "சரி, ஒரு படம் கொடு, பாப்போம்" என்றார்.

எதை விடுவது?

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. போட்டோவில் வெளிச்சம், நிழல், அரை நிழல் என்று ஆயிரம் சாயல்கள் இருக்கும். ஸ்க்ரீனுக்கு இரண்டே பதில்தான் தெரியும். இங்க் இறங்கு, அல்லது இறங்காதே. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் அதைச் சின்னதும் பெரியதுமான புள்ளிகளாக உடைக்க வேண்டும். செய்தித்தாள் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியுமே, அந்தப் புள்ளிகள்தான். இல்லையென்றால் படத்தை வெறும் கறுப்பு வெள்ளையாக்கி, எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று நாமே தீர்மானிக்க வேண்டும். நாங்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போனோம்.

நாலு ரோடு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைகள், பஸ், ஆட்கள் எல்லாம் பின்னால் போய்விட்டார்கள். வானம் முழுக்க ஒயர்கள்! தினமும் அதன் அடியில்தான் நடக்கிறேன். ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. மகள் ஒயர்களை அழித்துவிடலாம் என்றாள். அவர் பாதியை மட்டும் எடுத்துவிட்டு, "எல்லாத்தையும் வச்சா எதுவும் தெரியாது. எல்லாத்தையும் எடுத்துட்டா நம்ம ஊராவே தெரியாது" என்றார்.

பட்டுக்கூடு அங்காடிப் படம் எளிதாக வந்தது. கூடைகளில் குவிந்த கூடுகள் ஒவ்வொன்றும் தானாகவே புள்ளி மாதிரிதானே இருக்கின்றன? வெள்ளைக் கூட்டுக்குக் காகிதத்தின் வெள்ளையையே விட்டோம். மஞ்சள் கூட்டுக்கு ஒரு ஸ்க்ரீன், நிழலுக்கு ஒரு ஸ்க்ரீன். இரண்டே அடி.

அதிகாலை 4 மணி பஸ் ஸ்டாண்டு படத்துக்கு மூன்று வாரம் ஆனது. பெங்களூர் பஸ்ஸுக்காகப் பைகளோடு நிற்கும் கட்டட வேலைக்காரர்கள். எங்கள் மாவட்டத்தில் இப்படி ஆள் போகாத கிராமம் அபூர்வம். போட்டோவில் பஸ்ஸின் ஹெட்லைட்தான் பளிச்சென்று இருந்தது. ஆட்கள் வெறும் இருட்டு. அச்சில் அதைத் திருப்பினோம். பஸ்ஸை வெளிறிய நீலத்தில் ஒதுக்கிவிட்டு, ஆட்களைக் கறுப்பில் முன்னால் கொண்டுவந்தோம். பக்கத்தில் நின்று எடுத்த முகங்கள் தெரிகிற படங்களை, அவர்களிடம் கேட்காமல் அச்சடிப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். இந்தப் படத்தில் முகம் இல்லை, தோளும் பையும்தான். ஆனாலும் எங்கள் தெருக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இது என் தம்பி நிக்கிற மாதிரியே இருக்கே" என்றார்.

புளியமரமும் ஜன்னல் கம்பியும்

என் வீட்டுக்காரருக்கு மிகவும் பிடித்த படம் ஒரு புளியமரம். சாலையை அகலப்படுத்த மூன்று வருஷத்துக்கு முன் வெட்டிவிட்டார்கள். சைக்கிளில் பத்திரிகைக் கட்டுகளை வைத்துக்கொண்டு அவர் டெலிவரிக்குப் போன காலத்தில், வெயிலுக்கு ஒதுங்கிய மரம் அது. மகள் காலேஜ் போகும்போது பஸ்ஸிலிருந்து எடுத்த ஒரே ஒரு போட்டோ இருந்தது. கொஞ்சம் கலங்கல். குறுக்கே ஜன்னல் கம்பி வேறு.

"கம்பியை எடுத்துடறேன்ப்பா, மரம் முழுசா தெரியும்" என்றாள்.

"வேண்டாம் கண்ணு. கம்பியை எடுத்துட்டா மரம் இன்னும் அங்கயே நிக்கிற மாதிரி இருக்கும். கம்பி இருந்தாத்தான் நாம தாண்டிப் போய்ட்டோம்னு தெரியும்."

பச்சை டப்பாவை அவர் திறக்கவே இல்லை. மஞ்சளில் துளித்துளியாகக் கறுப்பைக் கலந்துகொண்டே இருந்தார். அப்படிக் கலந்தால் ஒரு மங்கலான பச்சை வரும். ஒவ்வொரு கலவையையும் பழைய பத்திரிகை அட்டையில் தடவி, வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்பார். ரெண்டு நாள் இதே வேலை. பை ஆர்டருக்குக்கூட அவர் இவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை.

அந்த மாதத்தில்தான் மூன்று பேரும் தர்மபுரி அரசு அகழ்வைப்பகத்துக்குப் போனோம். எங்கள் மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் போனது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த வீரர்களுக்கு ஊரார் நட்ட கற்கள். கல்வெட்டு ஆய்வாளர்கள் இந்த மாதிரிக் கற்களைப் படியெடுப்பார்கள். ஈரக் காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். மற்ற இடம் கறுப்பாகும். அதுவும் அச்சுதானே! போட்டோவும் எடுப்பார்கள், படியும் எடுப்பார்கள். கல் எப்படி நிற்கிறது என்பதைப் போட்டோ சொல்லும். தேய்ந்துபோன எழுத்தைப் பெரும்பாலும் படிதான் காட்டும். ஊரை அச்சடிக்கும்போது நாங்கள் தட்டுத்தடுமாறிச் செய்தது இதைத்தான் என்று எனக்குத் தோன்றியது. போனில் இருந்தது ஊரின் தோற்றம். அவர் கையால் ஸ்க்வீஜியை அழுத்தி இழுத்தபோதுதான், அதில் எங்களுக்கு எது முக்கியம் என்பது தெரிய வந்தது.

பென்சிலில் ஒரு கையெழுத்து

ஒவ்வொரு படத்திலும் 30 பிரதிகள்தான். அச்சோவியத்தில் ஒரு வழக்கம் உண்டு. 1/30, 2/30 என்று அடியில் எண் போட்டு, பென்சிலில் கையெழுத்துப் போட வேண்டும். மகள் பென்சிலை நீட்டினாள். அவர் தயங்கினார். இத்தனை வருஷத்தில் லட்சக்கணக்கான கார்டு அடித்த மனிதர். கடை பெயர் பத்திரிகையின் கடைசி வரியில், கண்ணுக்கே தெரியாத எழுத்தில் இருக்கும். சொந்தப் பெயரை அவர் எதிலும் போட்டதில்லை. கடைசியில் பேங்க் செக்கில் போடுகிற மாதிரி தமிழில் முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் போடு. காயவச்சது யாரு?" என்றார். எல்லாப் பிரதியிலும் இரண்டு கையெழுத்து இருக்கிறது.

இதனால் கடை நிமிர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஒரு படம் 400 ரூபாய் என்று வைத்தோம். இதுவரை 70 போயிருக்கிறது. வாங்கியவர்களில் பாதிப் பேர் வெளியூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள். காகிதம், இங்க் செலவு போக மிஞ்சியதில் புது மெஷ் வாங்கினோம். வயிற்றுக்கு இன்னமும் மஞ்சப்பைதான். ஆனால் பரணில் இருந்த சட்டங்களை விற்கும் பேச்சு நின்றுபோனது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

உங்கள் ஊர்ப் படம் ஒன்றை எடுங்கள். போன் எடிட்டரில் நிறத்தை நீக்கி, கான்ட்ராஸ்டை முழுக்க ஏற்றுங்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போடுங்கள். சாதாரணத் தாள் என்றால் தேங்காய் எண்ணெய் தடவினால் வெளிச்சம் ஊடுருவும். அதையே பாசிட்டிவ் ஆக வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரிலும் ஒரு ஸ்க்ரீன் பிரிண்டிங் கடை நிச்சயம் இருக்கும். வேலை குறைந்த நாளில் போய்க் கேளுங்கள். காசு கொடுத்துக் கேளுங்கள்.

வீட்டில் செய்வதானால் ஒரு எச்சரிக்கை. பழைய டைகுரோமேட் சென்சிடைசர் விஷம். அது இல்லாத ரெடிமேட் எமல்ஷன் கிடைக்கிறது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ரசாயனமே வேண்டாம். படத்தைத் தெர்மாகோல் தட்டின் மட்டமான பகுதியில் வைத்து, கோடுகள்மேல் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரையச் சொல்லுங்கள். பிறகு தட்டில் பெயின்ட் தடவி, காகிதத்தை வைத்து ஒற்றினால் அச்சு ரெடி. படம் இடவலம் மாறி வரும். கடைப் பலகை எழுத்துகளைத் திருப்பி எழுத வேண்டும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்களுக்கு அடுத்த படம் கோட்டைக் கோயில் தொங்கும் தூண். கல்லுக்குச் சாம்பல் நிறமா, சாயங்கால வெயில் பட்ட காவியா என்று அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு வாரமாகச் சண்டை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். இரண்டு நிறத்திலும் ஆளுக்கொரு ஸ்க்ரீன் போடச் சொல்லியிருக்கிறேன்.